ஐந்து வயதுப் பாட்டு ஏன் மறப்பதில்லை?

நண்பர்களே, சென்ற ஆண்டு முழுத்தேர்வில் வரலாற்றுத் தாளில் என்னென்ன கேள்விகள் வந்தன? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். ஒன்றோ இரண்டோ நினைவுக்கு வரலாம். அவற்றுக்கு நீங்கள் எழுதிய விடைகள்? இரவெல்லாம் கண் விழித்துப் படித்தவைதாம். ஆனாலும் பாதிக்கு மேல் பறந்து போயிருக்கும். வெட்கப்பட வேண்டாம், எனக்கும் அப்படித்தான்.

இப்போது வேறொரு கேள்வி. கண்ணாமூச்சி ஆட்டத்தில் யார் கண்ணைப் பொத்திக்கொள்வது என்று முடிவு செய்ய, வட்டமாக நின்று ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக்கொண்டே ஒரு பாட்டுச் சொல்வீர்களே, அது நினைவிருக்கிறதா? நிலாவைக் காட்டி அம்மா சோறு ஊட்டிய பாட்டு? முதல் வகுப்பில் ஆசிரியை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்த பாட்டு? ஒரு சொல் பிசகாமல் வரும். அதற்காக நீங்கள் ஒரு நாள்கூட உட்கார்ந்து படித்ததில்லை. அதில் வரும் சில சொற்களுக்குப் பொருளும் தெரியாது. பிறகு எப்படி அது மட்டும் போகாமல் நிற்கிறது?

இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டவர் என் பெரியம்மா. எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை வைத்த இடம் மறந்தது. பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்தது. கடைசியில் பெற்ற பிள்ளைகளின் பெயர்களும் மறந்தன. ஒருநாள் நான் பார்க்கப் போனபோது, "தம்பி, நீங்க யாரு? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். என்ன பேசுவது என்று தெரியாமல், சிறு வயதில் அவர் எனக்குப் பாடிய தாலாட்டை மெல்லப் பாடத் தொடங்கினேன். இரண்டாம் அடியில் 'தூளி' என்று ஒரு சொல் வரும். அந்த இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "தூளி இல்லடா, ஏணை! ஏணைன்னு பாடு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மீதிப் பாட்டு முழுவதையும் அவரே பாடி முடித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து மறுபடியும், "நீங்க யாரு தம்பி?"

தூளி என்றாலும் ஏணை என்றாலும் பொருள் ஒன்றுதான். பழைய சேலையை உத்தரத்தில் கட்டிக் குழந்தையைப் போட்டு ஆட்டுவது. எங்கள் ஊரில் தூளி என்போம். பெரியப்பாவை மணந்து எங்கள் ஊருக்கு வருமுன் பெரியம்மா வளர்ந்த ஊரில் அதற்கு ஏணை என்று பெயர். பிள்ளைகளின் பெயரே அழிந்துபோன மூளையில், இந்த ஒரு சொல் எங்கே பத்திரமாக இருந்தது?

மறதியை அளந்தவர்

மறதியையும் அளந்து பார்க்கலாம் என்று காட்டியவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். அவருடைய நூல் 1885-ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த ஒரே சோதனைப் பிராணி அவரேதான்!

பொருள் உள்ள சொற்களை எடுத்தால் பழைய நினைவுகள் வந்து ஒட்டிக்கொள்ளும், அளவு சரியாக வராது என்று கருதினார். ஆகவே பொருளே இல்லாத அசைகளைச் சுமார் 2300 உண்டாக்கினார். தமிழில் என்றால் 'பெக், டூம், நிழ்' என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வரிசை வரிசையாக எழுதி, கடிகாரத்தின் டிக் டிக் ஓசைக்கு ஏற்ப ஒரே சீராகப் படிப்பார். பிழையில்லாமல் ஒப்பிக்க வரும் வரை படிப்பார். சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து அதே வரிசையை மறுபடி படிப்பார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுப்பார். மிச்சமாகும் உழைப்புத்தான் மூளையில் தங்கிய நினைவின் அளவு. எவ்வளவு எளிய, கெட்டிக்காரத்தனமான யோசனை பாருங்கள்!

அவர் கண்ட முடிவு இது. படித்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் கழித்து எஞ்சுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு. மறதி முதலில் மலையருவிபோல் விழுகிறது. பிறகு சமவெளி ஆறுபோல் மெல்ல நடக்கிறது. உங்கள் வரலாற்று விடைகளுக்கு நேர்ந்த கதி இதுதான்.

நம் கேள்விக்கு வேண்டிய செய்தி அவருடைய வேறொரு சோதனையில் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன் எழுதிய 'டான் ஜுவான்' என்ற நெடுங்கவிதையின் செய்யுள்களையும் அவர் இடையிடையே மனப்பாடம் செய்து பார்த்தார். ஒரு செய்யுளில் சுமார் 80 அசைகள் உண்டு. ஒன்பது முறை படித்ததும் செய்யுள் வந்துவிட்டது. பொருளற்ற அசைகள் அதே எண்ணிக்கையில் இருந்தால் 70, 80 முறை படிக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உழைப்பு!

செய்யுள் என்றாலே மறக்காது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதே செய்யுள்களை எபிங்ஹாஸ் 22 ஆண்டுகள் தொடாமல் விட்டுவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தார். பழைய நினைவு எதுவும் அவருக்கு எழவில்லை. மறுபடி மனப்பாடம் செய்தபோது மட்டும் சிறிதளவு உழைப்பு மிச்சமாயிற்று. மண்ணுக்கடியில் வேர் இருந்தது, மேலே செடி இல்லை. ஆக, செய்யுள் வடிவம் மட்டும் போதாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குயிலா, மயிலா?

இப்போது ஒரு விளையாட்டு. இதற்கு நான்கு நண்பர்கள் வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது.

முதல் நண்பரிடம், "ஒரு பறவையின் பெயர் சொல்" என்று கேளுங்கள். காக்கை, கிளி, புறா, கொக்கு என்று எது வேண்டுமானாலும் வரும். இரண்டாம் நண்பரிடம், "'யில்' என்று முடியும் சொல் ஒன்று சொல்" என்று கேளுங்கள். வெயில், கோயில், ரயில் என்று ஏதோ ஒன்று வரும். மூன்றாம் நண்பரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். "'யில்' என்று முடியும் பறவை எது?" குயில் அல்லது மயில் என்பார். நான்காம் நண்பரிடம் இன்னும் ஒரு துப்புக் கொடுங்கள். "அந்த அடி 'கூவும்' என்று தொடங்குகிறது." இனி அவருக்கு வேறு வழியே இல்லை. குயில்தான்!

பார்த்தீர்களா? ஒவ்வொரு துப்பும் தனித்தனியாக மெலிந்தது. சேர்ந்தால் விடை ஒன்றே ஒன்றாகி விடுகிறது. டேவிட் ரூபின், வாண்டா வாலஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கிலச் சொற்களை வைத்து இப்படி ஒரு சோதனை நடத்தி, 1989-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். பொருளை மட்டும் துப்பாகக் கொடுத்தபோதும், ஒலியை மட்டும் கொடுத்தபோதும், குறிப்பிட்ட அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் வெகு சிலர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததும் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ரூபின் இதை விரித்து 1995-இல் ஒரு நூலே எழுதினார். எழுத்து அறியாத மக்கள் நீண்ட கதைப்பாடல்களையும், சிறுவர்கள் ஆட்டத்தில் ஆள் எண்ணும் பாட்டுகளையும் எப்படித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள் என்பதே அந்த நூலின் பொருள்.

யாப்பிலக்கணம் படிக்கும்போது, "எதுகையாம் மோனையாம், இதெல்லாம் எதற்கு?" என்று அலுத்துக்கொள்கிறோம் அல்லவா? எதுகையும் மோனையும் செய்யுளுக்கு அழகு என்று மட்டும் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவை மறதிக்கு எதிரான காவலும் கூட. குயிலும் மயிலும் எதுகை. 'கூவும் குயில்' மோனை. ஒரு சொல் நழுவினால், முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அதன் முதலெழுத்து இன்னது, இரண்டாம் எழுத்து இன்னது என்று காட்டிக் கொடுத்துவிடும். ஆத்திசூடியை நினைத்துப் பாருங்கள். அதன் அடிகள் அகர வரிசையில் தொடங்குகின்றன. எந்த அடி விட்டுப்போயிற்று என்பது விட்ட இடத்திலேயே தெரிந்துவிடும். சூடாமணி நிகண்டு ஓர் அகராதி. அதைக்கூட விருத்தப்பாவில் பாடி வைத்தார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அகராதியைப் பாட்டாகப் பாடிய முன்னோர் நம்மைவிட உளவியல் அறிந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவற்றோடு தாளமும் சேர்கிறது. ஒரு சொல் குறைந்தால் தாளத்தில் ஓட்டை விழுகிறது, நாக்கு தடுக்குகிறது. மோட்டார் வருமுன் கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கைப் பாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். தாளம் உழைப்புக்குத் துணை, கணக்குக்கும் துணை.

இனி மெட்டு. மெட்டில் போட்டால் எதுவும் மனத்தில் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. மேலே சொன்ன வாண்டா வாலஸ் 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே வரிகளைச் சிலருக்குப் பாடிக் காட்டினார், சிலருக்குப் பேசிக் காட்டினார். பல கண்ணிகளில் அதே மெட்டுத் திரும்பத் திரும்ப வந்தபோது, பாட்டாகக் கேட்டவர்களுக்கே சொற்கள் அதிகம் நினைவிருந்தன. ஒரே ஒரு கண்ணியை மட்டும் கேட்டபோது அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. மெட்டையும் புதிதாகக் கற்க வேண்டும், சொல்லையும் புதிதாகக் கற்க வேண்டும் என்றால் அது இரட்டைச் சுமை. மெட்டுப் பழகிய பிறகே அது சொற்களைச் சுமக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் இரவு பாடத்துக்கு மெட்டுப் போட நினைக்கும் நண்பர்கள் கவனிக்க!

மெட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை நான்காம் அடியிலிருந்து தொடங்கிப் பாடுங்கள். முடிகிறதா? மனத்துக்குள் முதலடியிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தானே அந்த இடத்துக்கு வந்தீர்கள்! 'ழ'வுக்கு முந்திய மெய்யெழுத்து எது என்று ஒரு சிறுவனைக் கேளுங்கள். 'ய ர ல வ' என்று உதடு அசைவதைப் பார்ப்பீர்கள். ரயில் பெட்டிகள்போல் ஒன்று அடுத்ததை இழுத்து வருகிறது. எஞ்சினைக் கண்டுபிடித்தால் போதும்.

அது என்ன ஒலிநாடாவா?

கனடாவில் மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் இருந்தார். காக்காய் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்வதற்கு முன், அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார். பயப்பட வேண்டாம், மூளைக்கு வலி உணரும் நரம்பு முனைகள் இல்லை. நெற்றிப்பொட்டை ஒட்டி உள்ளே இருக்கும் மூளை மடலைத் தொட்டபோது சில நோயாளிகள், "பாட்டுக் கேட்கிறது" என்றார்கள். ஒரு பெண்மணிக்கு அதே இடத்தைத் தொட்டபோதெல்லாம் அதே இசை கேட்டது. அவர் கூடவே முனகியும் காட்டினார்.

இதைக் கண்ட பென்ஃபீல்ட், நாம் கேட்டது கண்டது அனைத்தும் மூளையில் ஒலிநாடாபோல் பதிந்திருக்கிறது என்று எண்ணினார். அழகான எண்ணம். இன்றும் பலர் அதை நம்புகிறார்கள். ஆனால் அவரே 1963-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அந்த மடலைச் சோதித்த 520 பேரில் இத்தகைய அனுபவம் வந்தவர்கள் 40 பேர்தான். அவர்கள் கேட்டதும் கண்டதும் நடந்தவைதாமா, கனவுபோல் மூளை அப்போது புனைந்தவையா என்பதற்கும் சான்று இல்லை. நினைவு ஒலிநாடா அல்ல என்பதே இன்றைய விஞ்ஞானிகளின் கருத்து. நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுப்படுவதால் நினைவு தங்குகிறது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது மறுபடி கட்டப்படுகிறது. அதனால்தான் நேற்று நடந்த சண்டையை நீங்கள் ஒருவிதமாகவும் உங்கள் தங்கை வேறுவிதமாகவும் சொல்கிறீர்கள்.

அப்படியானால் பாட்டு மட்டும் ஏன் மாறாமல் வருகிறது? எதுகை, மோனை, தாளம், மெட்டு எல்லாம் சேர்ந்து, மறுபடி கட்டும்போது அதே அச்சில்தான் கட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. அந்த அச்சு எவ்வளவு துல்லியமானது தெரியுமா? அமெரிக்காவில் டேனியல் லெவிட்டின் என்பவர் 46 மாணவர்களிடம், விருப்பமான சினிமாப் பாட்டு மாதிரியான ஜனரஞ்சகப் பாட்டு ஒன்றை நினைவிலிருந்து பாடச் சொன்னார். பத்துப் பேருக்கு நான்கு பேர், இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது இசைத்தட்டில் உள்ள அதே சுருதியில் தொடங்கினார்கள்! பாடகர்கள் அல்ல, சாதாரண மாணவர்கள். வேகமும் பெரும்பாலும் ஒத்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் கற்ற பாட்டு எதுவும் மறக்காது என்று நினைக்கிறோம். மறந்துபோன பாட்டுகளை எப்படி எண்ணுவது? அவைதாம் மறந்துவிட்டனவே! நமக்கு நினைவிருப்பவை தப்பிப் பிழைத்தவை மட்டும். தப்பியவை ஏன் தப்பின என்று கேட்பதே சரியான கேள்வி.

நூறு முறை கேட்டது

எபிங்ஹாஸ் 22 ஆண்டுகள் தொடாமல் விட்ட செய்யுளை நினைவிருக்கிறதா? தாலாட்டை அப்படி யாரும் விட்டுவைப்பதில்லை. ஒரே பாட்டைக் குழந்தை இன்று கேட்கிறது, நாளை கேட்கிறது, பத்து நாள் கழித்தும் கேட்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்வது, ஒரே மூச்சில் நூறு தடவை சொல்வதைவிட நினைவுக்கு நல்லது; இதையும் எபிங்ஹாஸே கவனித்தார். பிறகு குழந்தை தானே பாடுகிறது. புத்தகத்தைப் பார்க்காமல் பாடுவது ஒவ்வொன்றும் ஒரு தேர்வு. விளையாட்டு என்று பெயர் சூட்டிக்கொண்ட தேர்வு. தம்பி பிறந்தால் அவனுக்குப் பாடுகிறோம். வளர்ந்தபின் பிள்ளைகளுக்கு, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு. பெரியம்மா அந்தத் தாலாட்டை எத்தனை ஆண்டுகளில் எத்தனை இரவுகள் பாடியிருப்பார்! எந்தப் பாடத்தை நாம் இப்படிப் படித்திருக்கிறோம்?

தொடக்கமும் நாம் நினைப்பதைவிட முந்தியது. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆறாம், ஏழாம் மாதத்தில் காது கேட்கத் தொடங்குகிறது. வளைகாப்பில் தாய்க்குப் போடும் வளையல்களின் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சில தாய்மார்கள் வாரத்துக்கு ஐந்து முறை நட்சத்திரத்தைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டைப் போட்டுக் கேட்டார்கள். பிறந்த குழந்தைகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, கருவில் அந்த மெட்டைக் கேட்ட குழந்தைகளின் மூளை, கேட்காத குழந்தைகளின் மூளையைவிட வலுவாக அதற்கு எதிரொலித்தது. நான்கு மாதம் கழித்தும் அந்த வேறுபாடு இருந்தது. கருவிலேயே பாட்டுப் போட்டால் மேதை பிறக்கும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். ஆய்வு அதைச் சொல்லவில்லை. கேட்ட ஒலியின் தடம் மூளையில் தங்குகிறது என்று மட்டுமே சொல்கிறது.

ஆனால் மூன்று வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் நமக்கு நினைவிருப்பதே அரிது. பாட்டை யார், எங்கே, எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்பது தெரியாது. பாட்டு மட்டும் தெரியும். கற்ற நாள் மறந்து, கற்றது மட்டும் எப்படி இருக்க முடியும்?

நினைவு ஒன்றல்ல

இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசை அறிஞர் இருந்தார். 1985-ஆம் ஆண்டு ஒரு வைரஸ் அவருடைய மூளையைத் தாக்கியது. சாதாரணமாக உதட்டில் கொப்புளம் போடும் வைரஸ்தான். அபூர்வமாக மூளைக்குள் புகுந்துவிடும். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. கடற்குதிரை போன்ற வடிவம் என்பதால் வைத்த கிரேக்கப் பெயர். புதிய நிகழ்ச்சிகளை நினைவில் பதிக்க அது வேண்டும். வேரிங்குக்கு அது அழிந்துபோயிற்று. அதன் பின் எந்த நிகழ்ச்சியும் அவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் நினைவில் நிற்கவில்லை. மனைவி அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால், பல காலம் கழித்துப் பார்ப்பதுபோல் ஓடிவந்து கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் பியானோ முன் உட்கார்ந்தால் பிழையில்லாமல் வாசித்தார். பாடகர் குழுவையும் நடத்திக் காட்டினார்.

நினைவு ஒரே பெட்டியில் இல்லை என்பது இதனால் விளங்குகிறது. 'நேற்று என்ன நடந்தது' என்பது ஒருவகை நினைவு. 'எப்படிச் செய்வது' என்பது வேறு வகை. சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது, பின்னல் போடுவது எல்லாம் இரண்டாம் வகை. பலமுறை பாடிய பாட்டு பெரும்பாலும் இந்த வகையில் சேர்ந்துவிடுகிறது. அது நாவும் தொண்டையும் மூச்சும் கற்றுக்கொண்ட பாட்டு. பேச்சுக்கும் பாட்டுக்கும் வழி வேறு என்பதை 1745-ஆம் ஆண்டிலேயே சுவீடனில் ஓலோஃப் டாலின் என்பவர் எழுதி வைத்தார். வலப்பக்கம் வாதம் வந்து பேச்சிழந்த ஒருவர், முன்பே தெரிந்த தேவாலயப் பாடல்களை மட்டும் சொற்களோடு பாடினாராம்.

பெரியம்மாவுக்கு வந்தது அல்சைமர் நோய். இந்த நோயில் ஹிப்போகாம்பஸும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் முதலிலேயே சுருங்கத் தொடங்குகின்றன. ஜெர்மனியில் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. முதலில் நோயற்ற 32 பேருக்கு, பல ஆண்டுகளாகத் தெரிந்த பாட்டு, சற்று முன்தான் கேட்ட பாட்டு, கேட்டறியாத பாட்டு என மூன்று வகைகளைப் போட்டு, மூளையின் காந்த ஒத்ததிர்வுப் படங்களை எடுத்தார்கள். நெடுநாள் தெரிந்த பாட்டுக்கு வேலை செய்யும் இடங்கள் எவை என்று கண்டார்கள். அவற்றுள் முக்கியமானவை மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, நெற்றிக்குப் பின்புறமாக, அசைவுகளைத் திட்டமிடும் பகுதியில் இருந்தன. பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களில் அதே இடங்களைத் தேடிப் பார்த்தார்கள். மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்கே சுருக்கம் மிகக் குறைவாக இருந்தது! எல்லா நோயாளிகளுக்கும் பாட்டு நினைவிருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. நோய் முற்றினால் பாட்டும் போகலாம். ஆனால் ஊரெல்லாம் வெள்ளம் வந்தபின்னும் மேட்டில் நிற்கும் ஒரு வீடுபோல, அந்தப் பகுதி பல காலம் தாக்குப் பிடிக்கிறது.

கடல் கடந்த பாட்டு

ஒரு மனிதர் வாழ்நாள் வரை பாட்டு நிற்பதைப் பார்த்தோம். அதற்கும் அப்பால் எவ்வளவு தூரம் போகும்? ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் ஹாரிஸ் நெக் என்று ஓர் ஊர். அங்கே வாழ்ந்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வழிவந்த கல்லா மக்கள். 1930-களின் தொடக்கத்தில் லோரென்சோ டௌ டர்னர் என்ற கறுப்பின மொழியியல் அறிஞர் அங்கே வந்து, அமீலியா டாலி என்ற பெண்மணி பாடிய ஐந்தடிப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அமீலியா அதைத் தம் பாட்டியிடம் கற்றார். குழந்தைகள் ஆடிப்பாடும் பாட்டாக அது வீட்டில் வழங்கியது. ஒரு சொல்லுக்கும் யாருக்கும் பொருள் தெரியாது. சியரா லியோன் நாட்டிலிருந்து வந்து படித்த ஒரு மாணவர்தான், "இது எங்கள் நாட்டு மெண்டே மொழி" என்று கண்டு சொன்னார். டர்னர் தம் 1949-ஆம் ஆண்டு நூலில் அதை வெளியிட்டார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, ஜோசப் ஒபாலா என்ற மானிடவியலாளரும், சிந்தியா ஷ்மிட் என்ற இசை ஆய்வாளரும், தாஸியெஃப் கொரோமா என்ற சியரா லியோன் மொழியியலாளரும் அந்தப் பதிவைக் கையிலெடுத்தார்கள். பாட்டில் வந்த ஒரு சொல், மெண்டே மொழி பேசும் நிலம் முழுவதும் வழங்குவதல்ல, நாட்டின் தென்பகுதி வட்டாரத்துக்கே உரியது என்று கொரோமா கண்டுகொண்டார். அந்த ஒரு சொல்லே வழிகாட்டியாயிற்று. தேடிக்கொண்டு போன ஷ்மிட், செனெஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பைண்டு ஜபாத்தி என்ற பெண்ணைக் கண்டார். பதிவைக் கேட்டதும் அவர் கூடவே பாடத் தொடங்கினார்! அவருக்கு அது பாட்டி சொல்லிக் கொடுத்தது. அங்கே அது விளையாட்டுப் பாட்டு அல்ல. இறந்தவர்களை அனுப்பி வைக்கும் சடங்கில் பெண்கள் பாடுவது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு பெண், அடிமைக் கப்பலில் வேறெதையும் கொண்டுவர முடியாதவள், அதைத் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

பொருள் போனபின் மீதி இருந்தவை ஒலியும் தாளமும் மெட்டும் ஆட்டமும்தாம். அவை மட்டுமே அந்தச் சொற்களைச் சுமந்து வந்தன. 1942-இல் போர்க்கால விமானத் தளம் அமைக்க அமெரிக்க அரசு ஹாரிஸ் நெக் ஊரையே காலி செய்தது, வீடுகள் போயின. பாட்டு அமீலியாவின் மகள் மேரி மொரானிடம் இருந்தது. 1997-ஆம் ஆண்டு மேரி மொரான் சியரா லியோனுக்குப் போனார். இரண்டு கண்டங்களைச் சேர்ந்த இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, ஐந்து வயதில் பாடிய பாட்டு எது என்று கேளுங்கள். "ஒன்றும் ஞாபகமில்லை" என்பார்கள். நம்ப வேண்டாம். ஊஞ்சல், கல்லாங்காய், நிலாச்சோறு என்று ஏதாவது ஒன்றைத் தொட்டுக் கேளுங்கள்; கையால் தாளம் போடச் சொல்லுங்கள். வந்தால், ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். 'திருத்தமாக' மாற்றி எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாடச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். மாறிய சொற்களுக்குப் பக்கத்தில் எதுகையோ மோனையோ இருக்கிறதா, மாறாத சொற்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று குறித்து வையுங்கள்.

நானும் அப்படித்தான் பெரியம்மாவின் தாலாட்டை எழுதி வைத்தேன். எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர் திருத்திய அந்தச் சொல்லுக்கு அடுத்து வருவது 'ஏலக்காய்'. 'ஏணை'க்கு 'ஏ' மோனை. முப்பது ஆண்டுகளாக நான் 'தூளி' என்று தப்பாகத்தான் பாடி வந்திருக்கிறேன்.